அவள் வீட்டில் அனுப்பமாட்டார்கள்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூடத் தேவைப்படவில்லை. “அவள் வீட்டில் அனுப்பமாட்டார்கள்.”

அந்த வீட்டில் அனுப்பத் தயாராக இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன்!

இதைப் படிக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னை நல்லவள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போடிநாயக்கனூரில் நான் படித்த கல்லூரியின் வாசலில் என் முகத்தைப் பெரிதாக அச்சடித்து ஃபிளெக்ஸ் கட்டினார்கள். குவாண்டம் கணினியின் கணிதத்தில் ஆய்வு செய்யும் எங்கள் மாணவி என்று அதில் எழுதியிருந்தது. அந்த வாசலைக் கடந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு அடக்கம் என்று வியந்தார்கள்... அடக்கமாம்!

என் பெயர் சங்கீதா. ஊர் ராசிங்காபுரம். அப்பாவுக்குத் தோட்டமும் கிணறும் தென்னையும் உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து இளங்கலை முடியும்வரை கணக்கில் நான்தான் முதல். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. முதலாவதாக இருப்பவளிடம் சந்தேகம் கேட்க வருவார்கள். சிரித்துப் பேச வரமாட்டார்கள். ஒரு கணக்கு அழகாக முடியும்போது “இங்கே பாரேன்!” என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருந்ததில்லை.

முதுகலை வகுப்பின் தொடக்கத்தில் முருகேஸ்வரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லோரும் அவளை ஈஸ்வரி என்றே கூப்பிட்டார்கள். போடிமெட்டு தாண்டி, கேரளப் பக்கம், பூப்பாறைக்கு அருகே ஓர் ஏலத்தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், அவள் குடும்பம் குடியிருந்தது. அப்பா பாண்டி, பறித்த காயை உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். அம்மா ஏலக்காட்டில் காய் எடுத்தார். நித்யா என்று ஒரு தங்கை. அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி போடியில் விடுதியில் தங்கியிருந்தாள்.

அவளுக்கு எழுதுவதே பிடிக்காது. கணக்கைச் சற்று நேரம் உற்றுப் பார்ப்பாள். பிறகு என் முழங்கையை இடித்து, “ஏ, இது சும்மா ஒத்தப்பட ரெட்டப்பட வெளாட்டுடி” என்பாள். நான் இரண்டு பக்கம் எழுதி அடைந்த இடத்தில் அவள் ஏற்கெனவே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. என் வாழ்வில் முதல்முறையாக “இங்கே பாரேன்!” என்று சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று முளைவிட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லையா? கவனித்தும் கவனிக்காததுபோல் இருந்தேனா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை...

இரண்டாம் ஆண்டில் எங்கள் துறைத்தலைவர் ஓர் அறிவிப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனம், கோடை விடுமுறையில் முதுகலை மாணவர்களைத் தன்னிடம் வரவழைத்து ஆய்வில் ஈடுபடுத்துகிறது. பொருள், குவாண்டம் கணினியின் கணிதம். இருவராகச் சேர்ந்தும் விண்ணப்பிக்கலாம். அவர்கள் தரும் ஒரு கேள்வியைச் சில மாதம் ஆராய்ந்து, இணையவழியில் அவர்கள்முன் விளக்கவேண்டும். பிடித்திருந்தால் அழைப்பார்கள். நன்றாகச் செய்தவர்களுக்கு அங்கேயே முனைவர் படிப்புக்கும் வழி பிறக்கலாம்.

குவாண்டம் என்றால் இயற்பியல்காரர்கள் சமாசாரம் என்று முதலில் பயந்தோம். கேள்வி வந்த பிறகு பயம் போய்விட்டது. அது புள்ளிகளும் கோடுகளும் பற்றியது!

உங்களுக்குக் கணக்கு பிடிக்காவிட்டாலும் இதைக் கொஞ்சம் கேளுங்கள். குவாண்டம் கணினியின் சில நிலைகளைப் படமாக வரையலாம். ஒவ்வொரு குவாண்டம் துகளுக்கும் ஒரு புள்ளி. பிணைந்திருக்கும் இரண்டுக்கு நடுவே ஒரு கோடு. படத்தை மாற்ற ஒரு விதி உண்டு. ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதன் அண்டைப் புள்ளிகளுக்குள் இருக்கும் கோடுகளை அழிக்கவேண்டும், இல்லாத கோடுகளைப் போடவேண்டும். இப்படி ஒரு படத்தை மாற்றி மாற்றி இன்னொரு படமாக்க முடிந்தால், இரண்டும் ஒரே நிலையின் இரண்டு வேடங்கள். இரண்டு படங்களைக் கொடுத்தால், ஒன்று மற்றொன்றாக மாறவே மாறாது என்று எப்படிச் சட்டென்று சொல்வது? அதுதான் எங்களுக்குத் தரப்பட்ட கேள்வி.

நான் கணினியில் நிரல் எழுதி ஆயிரக்கணக்கில் படங்களை மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பொங்கல் விடுமுறையில் ஈஸ்வரி என்னைத் தன் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேலையாட்கள் போகும் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு வளைவு வளைவாக ஏறினோம். அவள் அப்பா வேலை செய்த ஸ்டோரின் முன்னால் ஒரு சிமெண்டுத் தரை. அடுப்பிலிருந்து எடுத்த ஒரு கரித்துண்டால் அவள் அதில் புள்ளிகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே காய் உலரும் வாசம் தொண்டைக்குள் இறங்கிற்று. திடீரென்று அவள் கை நின்றது.

“ஏ சங்கீ, இங்க பாரு! இது ஒண்ணுமட்டும் இது மேல தொங்குது. இப்ப மாத்து. தொங்கல, ஆனா ரெண்டுக்கும் அதே கூட்டாளிக. இன்னொருக்கா மாத்து. மறுபடி தொங்குது. எப்படி மாத்துனாலும் இது ரெண்டும் ஜோடியாவே கெடக்கு பாத்தியா? படத்த ஏன்டி எண்ணுற? ஜோடிய எண்ணு!”

நான் அந்தக் கரிப்படத்தைப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது. மாறுகிற எல்லாவற்றுக்கும் நடுவில் மாறாத ஒன்று! ஜோடிகளின் கணக்கு ஒத்துப்போகாவிட்டால் ஒரு படம் மற்றதாக மாறவே முடியாது. மாதக்கணக்கில் நான் தேடியது... அவள் ஒரு கரித்துண்டால் கண்டுபிடித்துவிட்டாள்!

அதை முறையாக நிரூபித்து எழுதியது நான்தான். எந்தப் புள்ளியைத் தேர்ந்தாலும் என்ன ஆகும் என்று ஒவ்வொரு நிலையாகப் பிரித்து எழுதினேன். அந்த உழைப்பைச் சொல்லித்தான் பிற்பாடு பலமுறை என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் பார்த்தாள், நான் நிரூபித்தேன் என்று. ஆனால் பார்க்காததை யார் நிரூபிப்பது?

அன்று அவள் அப்பா எங்களுக்குச் சாயா கொண்டுவந்து தந்தார். மெலிந்த, உயரமான மனிதர். தரையில் இருந்த படங்களை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார். பெங்களூர் விஷயத்தை ஈஸ்வரி சொன்னாள்.

“எத்தன மாசம் ஆத்தா?” என்று என்னிடம் கேட்டார்.

“ரெண்டு மாசம்ப்பா. அங்கேயே தங்கணும்.”

“தங்குங்க. இங்க கெடந்து என்ன செய்யப் போறா? நானே பஸ்சு ஏத்திவிட வர்றேன். ரெண்டு பேராப் போறீகல்ல, எனக்கென்ன பயம்?”

இதை என் காதால் கேட்டேன். நான் எந்த அறியாமையிலும் பொய் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியவேண்டும்.

சித்திரையில் எங்களை விளக்கம் சொல்ல அழைத்தார்கள். அதற்குச் சில வாரம் முன்னால் ஈஸ்வரியின் அம்மா காட்டுச் சரிவில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஈஸ்வரி மலைக்குப் போயிருந்தாள். அந்த லயத்தில் போனுக்கு டவர் கிடைக்காது. ஆகவே அன்று காலை ஜீப்பில் இறங்கி என் வீட்டுக்கு வந்துவிடுவது, இருவரும் ஒரே கேமரா முன்னால் உட்காருவது என்று பேசி வைத்திருந்தோம். என் அம்மா அவளுக்கும் சேர்த்து இட்லி வைத்திருந்தார்.

முதல்நாள் சாயங்காலம் மலையில் கோடைமழை கொட்டியது. காலையில் ஈஸ்வரியிடமிருந்து குரல்செய்தி வந்தது. காற்று இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசியிருந்தாள்.

“ரோட்டுல மரம் விழுந்து கெடக்குடி. ஜீப்பு வராதாம். நான் பாறைக்கு ஏறிட்டேன், இங்க டவர் லேசாக் கெடைக்குது. கட்டாயிருச்சுன்னா வேற நாள் குடுக்கச் சொல்லிக் கேளுடி. மறந்துறாத!”

மறக்கவில்லை. அதுதான் சங்கடம்... நான் எதையுமே மறக்கவில்லை.

திரையில் இரண்டு பேர். ஒருவர், அந்தத் திட்டத்தை நடத்தும் பேராசிரியை. நரைத்த முடியைக் கத்தரித்திருந்தார். மற்றவர் இளையவர், அதிகம் பேசவில்லை. கீழ் மூலையில் ஈஸ்வரி. தலையில் துண்டைப் போர்த்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெறும் பனிமூட்டம். அவள்தான் தொடங்கினாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், ஜோடி என்றால் என்ன என்பதைச் சொன்னாள். நாலைந்து வாக்கியம்தான் இருக்கும்.

பேராசிரியை நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை எப்படிச் சொல்வேன்? என் வாழ்நாள் முழுக்க எந்த ஆசிரியரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. மதிப்பெண்ணுக்காகப் பாராட்டியிருக்கிறார்கள். என்னால் யாரும் நாற்காலியில் முன்னால் சாய்ந்ததில்லை!

அப்போது ஈஸ்வரியின் முகம் பாதி வாய் திறந்தபடி திரையில் உறைந்தது. சிறிது நேரத்தில் அந்தக் கட்டமே காணாமல் போயிற்று.

காத்திருந்தார்கள். அவள் திரும்ப வரவில்லை. மீதியை நான் சொன்னேன். தடங்கலில்லாமல் சொன்னேன். நிரூபணம் சுருக்கமாக இருக்கிறது என்றார் இளையவர். இதே உண்மை வேறு வடிவில் ஏற்கெனவே அறியப்பட்டிருக்கிறது, ஆனால் இந்த வழி புதிது என்றார் பேராசிரியை. பிறகு கேட்டார், “இந்த ஜோடி என்ற யோசனை முதலில் யாருக்குத் தோன்றியது?”

“எனக்கு” என்றேன்.

“உன் தோழியிடமும் பேசவேண்டும். இணைப்புத்தானே பிரச்சினை, அடுத்த வாரம் வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அவள் இங்கே வந்து தங்க முடியுமல்லவா?”

எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. தமிழில் எழுதும்போதுதான் இதன் அசிங்கம் முழுதாகத் தெரிகிறது.

“அவள் வீட்டில் அனுப்பமாட்டார்கள், மேடம். தோட்டத் தொழிலாளிக் குடும்பம். அப்பா ரொம்பக் கண்டிப்பு. கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.”

பார்த்தீர்களா? ஒரே வாக்கியம் என்று முதலில் சொன்னேன். இப்போது எண்ணினால் கூடிக்கொண்டே போகிறது.

பேராசிரியை மறுகேள்வி கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெருமூச்சுவிட்டு, “எவ்வளவு பேரை இப்படி இழக்கிறோம்” என்றார். அவர் என்னை நம்பியதில் வியப்பென்ன? மலைத்தோட்டம், லயம், பெண், தகப்பன்... கேட்பவர் மனத்தில் கதை முன்பே தயாராக இருந்தது. நான் அதன் வாசலைத் திறந்துவிட்டேன், அவ்வளவுதான். ஒரு பெண்ணே இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது யார்தான் சந்தேகப்படுவார்கள்?

மத்தியானம் ஈஸ்வரி பாறையிலிருந்து கூப்பிட்டாள். மழையில் நனைந்தபடி இணைப்புக்காக அங்கேயே காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

“வேற நாள் கேட்டியாடி?”

“கேட்டேன்டி. குடுக்க முடியாதுன்னுட்டாங்க. அவங்க விதியே அப்படியாம்.”



“நானே ஒரு மெயில் போட்டுக் கேக்கட்டுமா?”

“வேணாம்டி. அப்படித் தொந்தரவு பண்ணா அவங்களுக்குப் பிடிக்காதாம். எனக்கும் போயிரும்.”

எனக்கும் போயிரும்! அந்த வார்த்தையைத்தான் அவள்மேல் கட்டிப்போட்டேன். எனக்கு எந்தக் கெடுதலும் அவள் செய்யமாட்டாள் என்று தெரிந்துதான்...

“சரி, விடு. நீயாச்சும் போடி” என்றாள். “நம்ம ஜோடிய ஒழுங்காச் சொன்னியா?”

“சொன்னேன்.”

நான் கிளம்புவதற்கு முன் அவள் அப்பா என்னை வாழ்த்துவதற்காக ராசிங்காபுரம் வந்தார். கையில் ஒரு பொட்டலம் ஏலக்காய். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காராமல் வாசல்படி ஓரமாகவே நின்றார்.

“ஒண்ணு கேக்கணும் ஆத்தா. டவர் கெடைக்காததுதான காரணம்? எம் மக சரியாப் பேசலேன்னு இல்லல்ல?”

“இல்லப்பா. டவர்தான்.”

“அது போதும்” என்றார். தோளில் கிடந்த துண்டை உதறி மறுபடி போட்டுக்கொண்டார். “நான்தான் இத்தன வருசமா அந்த மேட்டுலயே கெடந்துட்டேன்.”

அந்த ஏலக்காயை என் அம்மா பாயசத்தில் போட்டார். நான் என் கிண்ணத்தைத் தொடாமலே எழுந்தேன்.

பெங்களூரில் எனக்குக் கொடுத்த அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. விடுதிக் காப்பாளர் சாவியைத் தரும்போது சொன்னார், “உங்கள் இருவருக்குமென்று ஒதுக்கிய அறை. இன்னொரு பெண் வரவில்லையாமே? அந்த இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. நீ தாராளமாக இருந்துகொள்.”

இரண்டு இடம் இருந்தது! அவளைத் தள்ளாமலேயே நான் போயிருக்க முடியும். இருவரும் சேர்ந்து போயிருக்கலாம்...

அந்த இரண்டு மாதமும் விரிப்பில்லாத ஒரு கட்டிலுக்கு எதிரில்தான் நான் கண் விழித்தேன். முதலில் அதன்மேல் துணிகளைப் போட்டு மறைத்தேன். பிறகு புத்தகங்களை அடுக்கினேன். எதை வைத்தாலும் அது காலிக் கட்டிலாகவே இருந்தது. ஒரு கணக்கு முடியும்போது தலையைத் திருப்புவேன், “இங்கே பாரேன்!” என்று... யாரிடம்?

ஈஸ்வரி தொடக்கத்தில் குரல்செய்திகள் அனுப்பினாள். ஜோடிகளைப்போல மூன்று மூன்றாகச் சேர்த்துப் பார்த்தால் என்னாகும் என்று கேட்டாள். பேராசிரியை என்னை ஒரு வாரம் யோசித்துவரச் சொல்லியிருந்த கேள்வி அது! நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று பிறகு சொன்னேன். அவள் செய்திகள் மெல்லக் குறைந்து, கடைசியில் பண்டிகை வாழ்த்துகளாகச் சுருங்கின.

அந்த ஆண்டே எனக்கு அங்கே முனைவர் படிப்புக்கு இடம் கிடைத்தது. என் முதல் கட்டுரையில் ஜோடி வந்தது. ஈஸ்வரி பெயர் வரவில்லை.

அவள் அப்பா மலையை விட்டு இறங்கிவிட்டார் என்று என் அம்மா போனில் சொன்னார். டவர் இல்லாத ஊரில் பிள்ளைகளை வைத்துப் படிக்கவைக்க முடியாது, மூத்தவளுக்கு ஆனது சின்னவளுக்கு ஆகக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இருந்த வேலையை விட்டு, கீழே சிலமலை என்ற ஊரில் வாடகை வீடு பிடித்து, போடியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறாராம். குளிரிலேயே வளர்ந்த உடம்புக்குக் கீழே அடிக்கும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஈஸ்வரியின் அம்மாவுக்குத் தெரிந்த பேச்சுத்துணை எல்லாம் மேலேயே நின்றுவிட்டது. ஈஸ்வரி பி.எட். முடித்துத் தேவாரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆகியிருந்தாள்.

நான் சொன்ன பொய்யை நம்பி ஒரு குடும்பம் மலையிறங்கியிருக்கிறது. இதை யோசித்தீர்களா? நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, “அப்படியாம்மா” என்று சொல்லி போனை வைத்தேன்.

இன்னொன்றும் நடந்தது. பேராசிரியை நல்லவர், பெண்கள் இத்துறைக்கு வரவேண்டும் என்று உண்மையாகவே பாடுபடுபவர். மாணவர் கூட்டங்களில் ஒரு கதை சொல்வார். “ஏலமலையில் ஒரு பெண் இருந்தாள். பனிக்குள் நின்றுகொண்டு என்னிடம் சில வாக்கியங்கள் பேசினாள். அவளுக்கு இருந்த பார்வை அபூர்வம். ஆனால் அவள் தகப்பன் அனுப்பவில்லை. கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்.” கூட்டம் உச்சுக்கொட்டும். பின்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். பாண்டி என்ற அந்த மனிதர் முன்பின் தெரியாத கூட்டத்துக்குமுன் கொடியவராகிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சொல்லிவிட நினைப்பேன். ஒவ்வொரு முறையும் கைதட்டினேன்.

இந்த ஆண்டு தை மாதத்தில் என் பழைய கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். குவாண்டம் கணினிக் கணிதத்தில் மாணவர்களுக்கு உள்ள ஆய்வு வாய்ப்புகள் என்பது தலைப்பு. அந்த ஃபிளெக்ஸ் அப்போது கட்டியதுதான். பேசி முடித்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். நடு வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அதே நெற்றி. நித்யா.

“அக்கா, ஆன்லைன்ல பேசும்போது சிக்னல் போயிருச்சுன்னா வேற நாள் தருவாங்களா? எங்கக்காவுக்குத் தரலையே.”

அரங்கமே என்னைப் பார்த்தது.

“இப்பல்லாம் தருவாங்கம்மா” என்றேன். “நீ தைரியமா அப்ளை பண்ணு.”

மீண்டும் ஒரு பொய். இப்போதெல்லாம் என்ன, அப்போதும்தானே தந்தார்கள்!

வெளியே ஈஸ்வரி காத்திருந்தாள். பள்ளியில் விடுப்புப் போட்டுவிட்டு என் பேச்சைக் கேட்க வந்திருக்கிறாள். ஃபிளெக்ஸுக்கு முன்னால் நின்று என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். “அப்பாவுக்கு அனுப்பணும்டி, ஒம்மேல அவருக்கு அம்புட்டுப் பெரும” என்றாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. நித்யா வகுப்புக்குத் திரும்பிய பிறகு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தபடியே எல்லாவற்றையும் ஈஸ்வரியிடம் சொன்னேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே நடந்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை.

“ஜோடி ஒன்னோடதுன்னு சொன்னது எனக்குத் தெரியும்” என்றாள் கடைசியில். “ஒன் கட்டுரையப் படிச்சேன். எம் பேரு போட ஒனக்குத் தோணல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அது பரவால்ல.”

நான் வாயைத் திறந்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எங்கப்பா அனுப்ப மாட்டாருன்னா சொன்ன?”

“ஈஸ்வரி...”

“சாயா போட்டுக் குடுத்தாரேடி ஒனக்கு. நானே பஸ்சு ஏத்திவிடுறேன்னு ஒங்கிட்டத்தானடி சொன்னாரு. அந்த மனுசனப் போயி...”  நிறுத்தத்தில் வந்து நின்றாள். “எடம் போனாப் போகுது. எங்கப்பாவ எதுக்குடி அப்படி ஆக்குன?”

 

தேவாரம் பேருந்து வந்தது. ஏறுவதற்கு முன் திரும்பினாள்.

“அப்பாகிட்டச் சொல்லிறாத. அவரு டவரையே திட்டிக்கிட்டு இருக்கட்டும். அங்க மேடம்கிட்டயும் இப்ப எதையும் கிண்டாத. நித்யா அப்ளை பண்ணப் போறா. அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவகிட்டயும் மூச்சு விடாத.”

“என்னைய மன்னிச்சிரு...”

“பஸ்சு கெளம்பப் போகுது” என்றாள்.

அதன்பின் நான் அனுப்பிய எந்தச் செய்திக்கும் அவள் பதில் போடவில்லை. படித்ததற்கான நீலக்குறி மட்டும் விழும்.

நித்யா விண்ணப்பித்தாள். யார் துணையுமின்றித் தேர்வானாள். நான் ஒரு வார்த்தைகூட உதவவில்லை. அதற்கு எனக்கு என்ன தகுதி? அவள் அப்பா பெங்களூர்வரை கூடவே வந்து விடுதியில் விட்டுவிட்டுப் போனாராம். அன்று நான் வேண்டுமென்றே நூலகத்தில் ஒளிந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் புதிய மாணவர்களுக்கு வரவேற்புக் கூட்டம். நித்யா என்னைத் தேடிவந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பேராசிரியை மேடையேறி, வழக்கம்போல அந்தக் கதையைத் தொடங்கினார். ஏலமலை... பனி... அபூர்வமான பார்வை... கண்டிப்பான தகப்பன்... கல்யாணம்.

 நித்யா ஒரே பார்வையில் கண்டுகொள்வாள், இதோ திரும்பப் போகிறாள் என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பத்தான் செய்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

“பாவம்க்கா அந்தப் பொண்ணு” என்று கிசுகிசுத்தாள். “எங்கப்பா மாதிரி ஒரு அப்பா அவுகளுக்குக் கெடைக்கல பாருங்க.”

அவளுக்குத் தெரியவில்லை! எப்படித் தெரியும்? அந்தக் கதையில் இருக்கும் தகப்பனை அவள் வாழ்நாளில் கண்டதே இல்லையே...

நான் தலையாட்டினேன். ஈஸ்வரிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாக்கா அது, அல்லது என் பழைய கோழைத்தனத்துக்குக் கிடைத்த புதுச் சட்டையா? நீங்களே சொல்லுங்கள். எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

கூட்டம் கலையும்போது நித்யா மறுபடி என் கையைத் தொட்டாள்.

“நம்ம பக்கத்து மலைன்னு சொல்றாகளேக்கா. அந்தப் பொண்ணு யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா? பேரு என்னக்கா?”

“தெரியாது” என்றேன்.